வீட்டுக்கு ஒப்பனை

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகின்றனர் என்றால் பெண்ணுக்கு ஒப்பனை செய்வது நம்மவர் வழக்கம். வீடு பார்க்க ஆட்கள் வருகின்றனர் என்றால் வீட்டுக்கும் ஒப்பனை செய்யவேண்டும் என்பதை, என் தமக்கையார் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியிற் சொன்னபோதுதான் நான் அறிந்தேன்.

அது 2023 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். அரியாலையிலுள்ள எங்கள் வீடு சட்டப்படி அக்காவுடையது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த அந்த வீட்டை அம்மா அக்காவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தார். அதில் எனக்குள்ள பாத்தியம் பிறந்து வளர்ந்த பாத்தியம் மாத்திரமே. அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து வேலைக்குப் போகமுடியாத நிலை. அவர்கள் அங்கே வீடு வாங்கப் பெற்ற கடனுக்கு வட்டியோ ஏறிக்கொண்டு போயிற்று. கனடாவின் மத்திய வங்கி, 2022 இன் தொடக்கத்திற் கால் சதவீதமாக இருந்த வட்டி வீதத்தை 2023 ஆடி மாதத்தில் 5 சதவீதமாக்கியது என்ற செய்தியைப் பத்திரிகையில் நானும் வாசித்திருந்தேன். அந்த வட்டி கடல் தாண்டி வந்து அரியாலையில் ஒரு படலையைத் தட்டும் என்று அன்று நினைக்கவில்லை.

“தம்பி, வீட்டை விக்கத்தான் வேணும். ஆனால் இப்ப கிடக்கிற கோலத்திலை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதை. இங்கை வீடு விக்கிறதெண்டால் முதலிலை ஸ்ரேஜிங் செய்விக்கிறவை” என்றார் அக்கா.

அஃதென்ன என்று கேட்டேன். விற்கப்போகும் வீட்டிலுள்ள பழைய சாமான்களை அகற்றிவிட்டு, வாடகைக்குப் புதிய கதிரை மேசைகளைக் கொண்டுவந்து அடுக்குவார்களாம். குடும்பப் படங்களைக் கழற்றி ஒளித்துவிடுவார்களாம். பார்க்க வருபவர் அச்சுவரிலே தம் குடும்பத்தின் படத்தைக் கற்பனை செய்யவேண்டும் என்பது நோக்கம். சிலர் வீட்டில் நல்ல வாசனை பரவட்டும் என்று அன்று காலையில் பிஸ்கற்றுக்கூடச் சுடுவார்களாம். 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பக்கத்தில் வீட்டு விற்பனை முகவராயிருந்த பார்ப் சுவார்ட்ஸ் என்னும் பெண்மணி இம்முறையைத் தொடக்கிவைத்தார் என்பர். இன்று அது அங்கே ஒரு தனித் தொழில்.

வீட்டை மேடையேற்றுவது என்றால் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி நாடகங்களுக்கு ஆண்டுதோறும் மேடை கட்டுபவன் நான். திரைச்சீலையில் வரைந்த காட்டைக் கண்டு எவரும் அங்கே விறகு பொறுக்கப் போவதில்லை. இந்த மேடையிலோ பார்க்க வந்தவர் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே குடியேறிவிடுகின்றார். அந்த வேறுபாட்டை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை.

அம்மா 2019 இல் காலமானார். அதன்பின் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட, வீடு பூட்டிக்கிடந்தது. திறந்து பார்த்தபோது முற்றம் முழுவதும் நாயுருவி, கிணற்றுக்கட்டில் ஆலங்கன்று, முன் விறாந்தையில் வௌவால் எச்சம். பனஞ்சலாகைகள் மாத்திரம் அப்படியே இருந்தன. வைரம் பாய்ந்த பனையைக் கறையானும் எளிதில் தொடுவதில்லை. ஓடுகள் பதினைந்து இருபது உடைந்திருந்தன. பழைய மங்களூர் ஓடுகளுக்கு ஈடாகப் புதிய ஓடு பொருந்தாது என்பதனால், இடித்த வீடுகளின் ஓடுகளை வாங்கி விற்பவரிடம் அலையவேண்டியதாயிற்று.

சுவர்களைப் பற்றி மேசன் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். எங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்திற் கட்டியது. வெடிப்புகளைச் சீமெந்து பூசி மூடிவிட்டு மேலே பளபளப்பான பெயின்ற் அடித்தால் இரண்டு கிழமையில் வேலை முடிந்துவிடும். பார்ப்பவர் கண்ணும் மயங்கும். ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிட்டுக்கொண்டே இருப்பது. சீமெந்தும் பெயின்ற்றும் அதன் மூச்சை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் இரண்டு மாரிக்குள் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். “விக்கிற வீடெண்டால் சீமெந்து காணும் மாஸ்ரர், இருக்கிற வீடெண்டால்தான் சுண்ணாம்பு” என்றார் அந்த மனிதர், ஒளிவுமறைவின்றி. நான் சுண்ணாம்பே பூசச் சொன்னேன். அதற்குக் காரணம் என் நேர்மை என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. சுண்ணாம்பு மலிவாக முடிந்தது.

முன் தூண்களிலும் நிலையிலும் 1995 இன் சன்னக் காயங்கள் உண்டு. அவற்றை அடைப்பதா விடுவதா என்று மேசன் கேட்டபோது அடைக்கச் சொன்னேன். காயம் ஆறியபின் தழும்பைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டிய கடமை தூணுக்கு இல்லை.

படங்களைக் கழற்றும் விடயத்தில் என் மனைவி அக்காவின் கட்டளைக்கு உடன்படவில்லை. அம்மப்பாவும் அம்மம்மாவும் இருக்கும் படத்தை எடுத்துவிட்டால் சுவரில் வெளிறிய சதுரமும் ஆணியும் தெரியும். பார்க்க வருபவர், இங்கே என்ன நடந்ததோ என்று எண்ணுவர் என்றாள். அவள் சொன்னது சரியே. ரொறன்ரோவில் வீடு வாங்குபவர் முன்பு எவரும் வாழாத வீடு போலிருப்பதை விரும்பலாம். யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குபவர் முதலிற் கேட்பது, இது ஆர் இருந்த வீடு என்பதையே. விளக்கு எரியாத வீட்டை நம்மவர் தொடமாட்டார்கள். ஆகவே, கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு நாளும் மாலையில் வந்து சாமியறையில் விளக்கேற்றிவிட்டுப் போவது என்று அவள் தீர்மானித்தாள். அந்த விளக்கு ஆண்டவனுக்கா, வாங்க வருபவருக்கா என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன். “இரண்டு பேருக்கும் வெளிச்சம் வேணுந்தானே” என்று சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டினாள்.

குசினிச் சுவரிலேதான் ஒரு தடங்கல் ஏற்பட்டது. அடுப்பங்கரைக்கு எதிர்ப்புறச் சுவரில், கரிக்கட்டியால் அம்மா இட்ட பால் கணக்கு இருந்தது. நாளுக்கு ஒரு போத்தல், போத்தலுக்கு ஒரு கோடு. மாதம் முடிந்து காசு கொடுத்ததும் ஈரத் துணியால் அழித்துவிட்டு மறு மாதக் கோடுகளைத் தொடங்குவார். அச்சுவரில் அன்று இருந்தவை 30 கோடுகள். அவை 1995 ஒக்ரோபர் மாதத்துக் கோடுகள். 30 ஆம் திகதி காலையிற் பால் வந்தது. அன்று மாலை, வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளியேறவேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோருடன் நாங்களும் செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தால் அங்குலம் அங்குலமாக நகர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. 1996 இல் நாங்கள் திரும்பி வந்தபோது கோடுகள் இருந்தன. பால் கொண்டுவந்து தரும் ஆச்சி வரவில்லை. அவர் வன்னிக்குப் போய்விட்டார் என்றனர். அதன்பின் எத்தனையோ முறை வீட்டுக்கு வெள்ளையடித்தும், அந்த இரண்டு முழச் சுவரை அம்மா தொடவிட்டதில்லை.

“அதை முதலிலை வெள்ளையடி, வாறவை ஊத்தைச் சுவரெண்டு நினைப்பினம்” என்றார் அக்கா. நாளைக்கு, நாளைக்கு என்று மேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு முடிந்துவிட்டது. அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இனி, கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். உண்மையில் இந்தக் கதையே கிணற்றைப் பற்றியதுதான்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதனால் இந்த மிதப்பு. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபுறமாகச் சொன்னால், மேலே ஓர் அடி இறைத்தால் கீழே உவர் 40 அடி ஏறப்பார்க்கும். கடனீரேரிக்கு அண்மையில் இந்த வில்லை மெலிந்தது. எங்கள் வீடு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

என் சிறுவயதில் ஆவணியிலும் அத்தண்ணீரைக் குடித்தோம். 1990 முதல் எரிபொருட் தடை இருந்த வருடங்களில் அயலில் மோட்டார்கள் ஓய்ந்து கிடந்தமையால், தண்ணீர் அக்காலத்தில் இன்னும் நன்றாயிருந்தது என்று அம்மா சொல்வதுண்டு. யுத்தத்தின் கொடையாக அவர் நினைவுகூர்ந்தது அது ஒன்றே. பின்னர் துலாக்கள் போய், வளவுக்கு வளவு மோட்டார் வந்தது. அம்மாவின் கடைசிப் பத்து வருடங்களில், ஆடி பிறந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவராகிவிடும். புரட்டாதி முடியும்வரை, ஒழுங்கைத் தொங்கலிலுள்ள கோயிற் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் அள்ளிவருவார். ஐப்பசி மழை இரண்டு பெய்தால் மறுபடியும் இளநீர்போல ஆகிவிடும்.

இதனை அறிந்தே தரகர் நாள் குறித்தார். “தைப்பொங்கல் முடிஞ்ச கையோடை காட்டிப்போடுவம் மாஸ்ரர். ஒரு செம்பிலை தண்ணி அள்ளிக் குடுங்கோ; வேறொண்டும் பேசத் தேவையில்லை” என்றார். கிணற்றை முற்றாக இறைத்துச் சேறு எடுக்கவும் வேண்டாம், அடியை இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்று எச்சரித்தார். மாதிரிக்கு ஒரு பாறையியல் ஆசிரியர் போல அவர் பேசினார்.

2024 தை மாதத்தில் ஓர் இளந் தம்பதியர் வந்தனர். இருவரும் அரசாங்க உத்தியோகத்தர். வங்கிக் கடன் பெற்று வாங்க இருந்தனர். கைக்குழந்தையுடன் மாமியாரும் வந்திருந்தார். வீடு அன்று மணப்பெண் போலத்தான் இருந்தது. முற்றம் கூட்டிச் சாணந் தெளித்திருந்தது. வெள்ளைச் சுவரில் காலை வெயில் விழுந்தது. மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, “இந்த வீட்டிலை ஆராவது செத்தவையோ?” என்று கேட்டார். அம்மா முன்னறையிற் காலமானார் என்பதை மறைக்காமற் சொன்னேன். “வயது போய்ச் செத்தது நல்ல சாவு” என்று அவர் திருப்தியடைந்தார். அந்தப் பிள்ளை செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, “நல்ல தண்ணி என்ன, சேர்?” என்றார்.

“ஓம்” என்றேன்.

அது பொய்யன்று. தையில் அது நல்ல தண்ணீர்தான். ஆனால் சோதனை விடைத்தாளில் ஒரு மாணவன் இப்படிப் பாதி விடை எழுதினால் நான் பாதிப் புள்ளியுங் கொடுக்கமாட்டேன்.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி, “தண்ணியைப் பற்றிச் சொன்னனீங்களோ?” என்று கேட்டாள்.

“அவை கேக்கேல்லை.”

“கைக்குழந்தையெல்லோ. அது எப்பிடிக் கேக்கும்?”

கோண்டாவில் கிணறுகளிலிருந்து நெடுங்காலமாக யாழ் நகரத்துக்கே குழாய்வழித் தண்ணீர் போயிற்று. சீதன வீட்டின் புண்ணியத்தால் நான் நல்ல தண்ணீரில் இருக்கிறேன். அன்றிரவு அந்தத் தண்ணீரும் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் அக்காவிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வீடு ஆற்றை, தம்பி?” என்றார். “உன்னுடையதுதான் அக்கா” என்றேன். “அப்ப சரி. நீ அரிச்சந்திரனாய் இரு, வட்டியை நான் கட்டுறன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இன்றும் இல்லை. என் காணியை விற்கையில் நான் உண்மை பேசினால் அதன் விலையை நான் கொடுக்கிறேன். அக்காவின் வீட்டை விற்கையில் நான் உண்மை பேசினால் அதன் விலையை, படுக்கையிலிருக்கும் கணவனைப் பராமரித்துக்கொண்டு இரவு வேலைக்குப் போகும் அக்கா கொடுக்கிறார். பிறர் பணத்தில் தருமம் செய்பவனை நாம் மதிப்பதில்லை. பிறர் பணத்தில் நேர்மையாக இருப்பவனை எங்கே வைப்பது? எனக்கு அற்றோணித் தத்துவம் தந்தது வீட்டை விற்கவே. என் மனச்சாட்சியைச் சுத்திகரிக்க அன்று. மூன்று நாள் இவ்வாறு என்னோடு நானே வழக்காடினேன். நான்காம் நாள் முற்பணம் தருவதற்கு அந்தப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. காலையிலே நானே அவர்கள் இருக்குமிடம் போய், ஆடியிலிருந்து புரட்டாதிவரை தண்ணீர் குடிக்க உதவாது என்று சொன்னேன். ஏதாவதொரு வாதத்தில் வென்றதனால் அப்படிச் செய்தேன் அல்லேன். அந்தக் குழந்தை கண்ணுக்குள் நின்றது, அவ்வளவே.

அவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள். வேறிடத்தில் வீடு பார்த்துக்கொண்டார்கள். தரகர் ஒரு மாதம் என்னைக் கண்டு சைக்கிளைத் திருப்பினார். பங்குனியில் அத்தானை மறுபடியும் வைத்தியசாலையிற் சேர்த்திருப்பதாக, அக்காவிடமிருந்தன்று, மருமகளிடமிருந்து செய்தி வந்தது. அன்று நான் செய்தது சரியென்று என்னால் நிமிர்ந்து சொல்லமுடியவில்லை.

ஆவணியில், தண்ணீர் ஆகக் கெட்டிருந்த நாளொன்றில், நீர்ப்பாசனத் துறையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். ஒப்பனை எல்லாம் அதற்குள் கலைந்திருந்தது. முற்றத்திற் புல் காய்ந்து, விறாந்தையிற் புழுதி படிந்திருந்தது. விளக்கு மாத்திரம் எரிந்தது. அவர் செம்பை எதிர்பார்க்கவில்லை. தாமே வாளியை இறக்கி அள்ளி, வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். “எத்தினை மாதம்?” என்றார். “மூன்று” என்றேன். சுவரை விரலாற் சுரண்டிப் பார்த்தார். “சுண்ணாம்போ? நல்லது. சீமெந்து அப்பியிருந்தால் நான் படலையாலை திரும்பியிருப்பன்” என்றார். மேசன் கேட்டிருக்கவேண்டும்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அந்த மாதந்தான் திறக்கப்பட்டிருந்தது. குழாய்த் தண்ணீர் வரும்வரை மழைநீரைத் தொட்டியிற் சேர்த்துக் குடிப்பேன், அதற்கான செலவைக் கழித்துத்தான் விலை பேசுவேன் என்றார். தையில் வந்தவர்கள் கேட்ட விலையிலும் 12 இலட்சம் ரூபா குறைவு. அக்காவுக்கு அறிவித்தேன். இரண்டு நாள் கழித்து ஒரேயொரு சொல் வந்தது: “சரி”.

மற்றவை எல்லாம் நொத்தாரிசுவின் வேலை. 1840 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். தேசவழமைப்படி மனைவியின் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதனால் அத்தானின் கையொப்பமும் வேண்டியிருந்தது. இடக்கையால் அவர் இட்ட அந்தக் கையொப்பத்தைப் பார்த்தபின் 12 இலட்சத்தை என்னால் மறக்கமுடியவில்லை. ஐப்பசியில் உறுதி முடிந்தது.

உறுதி முடிந்த அன்றிரவு அக்கா பேசினார். தை மாதத்துக்குப் பின் அவருடைய குரலை அன்றுதான் கேட்டேன். அத்தானின் சுகம் சொன்னார், என் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். தண்ணீரைப் பற்றி இருவரும் பேசவில்லை. வைக்கப்போகும் நேரத்தில், “குசினிச் சுவருக்கு வெள்ளையடிச்சாச்சோ?” என்றார்.

“இல்லை அக்கா. வாங்கினவர் பிறகு பாப்பமெண்டு சொன்னவர்.”

“எத்தினை கோடு கிடக்கு?”

“முப்பது.”

“அந்த ஆச்சிக்கு அம்மா காசு குடுக்கேல்லை, என்ன? அவவின்ரை ஆக்கள் எங்கை இருக்கினமெண்டு விசாரி. வீட்டுக் காசிலை அதை எடுத்துக் குடு.”

விசாரித்ததில், ஆச்சி காலமாகிவிட்டார் என்றும், மகள் ஒருவர் கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் இருக்கிறார் என்றும் தெரியவந்தது. அடுத்த தவணை விடுமுறையிற் போக இருக்கிறேன். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தற் பசுப்பால் என்ன விலை விற்றது என்பது எனக்கும் நினைவில்லை, அக்காவுக்கும் நினைவில்லை. வாசகர்களில் எவருக்கேனும் நினைவிருந்தால் இப்பத்திரிகைக்கு ஒரு வரி எழுதியனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.